சஸ்த்ரா வேலை

இந்தப் பஸ் தொண்டிக்குத்தானே அக்கா போகிறது? கண்டக்டரிடம் ரெண்டு தடவை கேட்டுவிட்டேன். மூன்றாவது தடவை கேட்டால் வழியிலேயே இறக்கி விட்டுவிடுவார். போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் ஏறினேன். இருந்தாலும் மனசு ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது.

நீங்களும் தொண்டிதானா? நல்லதாகப் போயிற்று. நீங்கள் எழுந்தால் நானும் எழுந்துகொள்கிறேன்.

இவள் தர்ஷிகா. ஒன்றரை வயசு. காலைக் கொண்டுபோய் உங்கள் சேலையில் வைக்கிறாள் பாருங்கள். ஏய், மடக்குடி காலை. மண் ஒட்டியிருந்தால் சொல்லுங்கள், தட்டி விடுகிறேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை அக்கா. வீட்டில் என்னை ஊமைச்சி என்றுதான் சொல்வார்கள். நகர்ந்து இடம் விட்டீர்களே என்று பேசுகிறேன்.

தொண்டியில் எனக்குச் சொந்தபந்தம் கிடையாது. ஒரு கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், அவ்வளவுதான். சினிமாக்காரர்களுடையது. போன மாதம் எங்கள் ஊரில் படம் எடுத்துவிட்டுப் போகும்போது மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்தவர் சாமான் வீட்டில் கிடந்தால் எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்.

பை பெரிசாகத்தான் இருக்கிறது. இவள் துணி. வழியில் நனைத்துவிட்டால் மாற்ற வேண்டாமா? நாலு செட் வைத்தேன். சரி, ஆறு.

நம் ஊர் சினிமா இல்லை அக்கா. ஸ்பெயின் என்று ஒரு நாடு. காரைக்குடிப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு உண்டு. வீட்டுக்காரர்கள் மெட்ராஸில் இருக்கிறார்கள், சாவி எங்கள் அத்தையிடம், அதுதான் மாமியாரிடம். மாசத்துக்கு ஒரு தடவை நானும் அத்தையும் போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருவோம். அந்த வீட்டைத்தான் இருபத்து நாலு நாளைக்குப் பேசி எடுத்திருந்தார்கள். கூட்டுகிற வேலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றதும் அத்தை என்னைத் தள்ளிவிட்டார்கள். "போடி, அவங்க பேசுறது உனக்குப் புரியாது, நீ பேசுறது யாருக்கும் கேக்காது, ஒரு வம்பும் வராது" என்றார்கள்.

முதல் நாளே எனக்குக் கஷ்டம் வந்துவிட்டது. எல்லாரும் வந்து நெஞ்சில் கை வைத்துப் பேர் சொல்கிறார்கள். டைரக்டர் அம்மாவுக்குத் தலை முழுக்க நரை, எங்கள் அத்தை வயசு இருக்கும். 'பிலார்' என்றார்கள். அப்படியே கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டுகிறார்கள். எனக்கு வாய் வருமா? நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு வருமா? மேடம் என்றேன், கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார்கள். அக்கா என்றால் அவர்களுக்குத் தெரியாது. நம் பக்கத்தில் பெரியவர்களை யார் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? டெய்லரண்ணே, டீச்சரம்மா, தபால்காரரே என்போம். செய்கிற வேலையைச் சொன்னால் மரியாதையும் ஆயிற்று, ஆளும் திரும்பிப் பார்ப்பார்.

அவர்கள் கூட இருதயராஜ் சார் என்று பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். ரெண்டு பாஷையும் தெரிந்தவர், எல்லா ஏற்பாடும் அவர்தான். அவரிடம் கேட்க ரெண்டு நாள் தைரியம் சேர்த்தேன். மூன்றாம் நாள் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே, "சார், அவங்க பாஷையில டைரக்டருக்கு என்ன பேரு?" என்றேன்.

"தீரெக்தோரா. ஏம்மா?"

"முகத்துக்குப் பூசி விடுற பொண்ணுக்கு?"

"மாக்கியாதோரா. பரீட்சை எழுதப் போறியா?"

வீட்டுக்கு வந்து தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு அக்கா. எழுத்துக் கோணலாக வரும், ஆனால் எனக்குப் புரியும். அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்தேன். தலைமுடி வாருகிறவர் பெலுகேரா. காதில் டப்பா மாட்டிக்கொண்டு சத்தம் பிடிக்கிறவர் சொனிதிஸ்தா. நீளக் கழியில் மைக்கைக் கட்டிக் கை வலிக்கத் தூக்கி நிற்கிற ஆள் பெர்திகிஸ்தா. அந்தப் பேருக்கு மூன்று நாள் ஆயிற்று எனக்கு. கேமரா பக்கத்தில் நின்று எதையோ திருகிக்கொண்டே இருப்பவர் ஃபோகிஸ்தா. லைட்டுக்காரர்கள் எலெக்த்ரிகோ, அவர்கள் மூன்று பேர், மூவருக்கும் ஒரே பேர்தான். அது சௌகரியம்.

தண்ணீர் இறைக்கும்போது சொல்வேன், மாவு கரைக்கும்போது சொல்வேன். அத்தை பின்னால் வந்து நின்று, "என்னடி முணுமுணுக்கிறே, என்னைய வையிறியா?" என்றார்கள். "இல்ல அத்தே, சினிமாக்காரங்க பேரு" என்றேன். "அவங்க கூட்டச் சொன்னாங்களா, கும்புடச் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மணி என்ன அக்கா? எட்டு ஐம்பதா? அவர்கள் ஒன்பதரைக்கு ஆரம்பித்துவிடுவார்கள். இல்லை, கத்தரிக்கோல் கொடுக்க எந்நேரம் போனால் என்ன. சும்மா கேட்டேன்.

காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போய், "ஃபோகிஸ்தா, காப்பி" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. ஆனால் மறுநாள் அவராகவே, "நாகவல்லி, ஃபோகிஸ்தா காப்பி" என்று வந்து நின்றார். நாலு நாளில் எல்லாரும் என்னிடம் வந்து அவரவர் வேலையைச் சொல்லிச் சொல்லிக் காப்பி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்து மூன்று பேர் அக்கா. இருபத்து மூன்றும் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

ஒன்றைத் தவிர. அதையும் சொல்லிவிடுகிறேன்.

டைரக்டர் அம்மா பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு ஒல்லியான பெண். மடியில் தடி நோட்டு. கழுத்தில் ஒரு வாட்ச், கையில் ஒரு வாட்ச். எதையும் தூக்காது, எதையும் திருகாது. நடிக்கிற பெண் டம்ளரை வலது கையில் எடுத்ததா இடது கையில் எடுத்ததா என்று எழுதும். ஜன்னல் கதவு அரையாகத் திறந்ததா முக்காலா என்று போட்டோ பிடிக்கும். பிறகு எழுந்து போய், "இது சரியில்லை" என்று சொல்லிவிட்டு வந்து உட்காரும். இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். இருதயராஜ் சார், "செக்ரெதாரியா தே ரொதாஹே" என்றார். ரயில் மாதிரி நீளம். எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. குற்றம் கண்டுபிடிக்க ஒரு ஆளைக் கப்பல் ஏற்றிக் கூட்டி வருவார்களா? அதற்கு எங்கள் வீட்டில் அத்தை இருக்கிறார்கள். அதனால் அந்தப் பேரை நான் எழுதிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்குக் காப்பி கொடுத்தால் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

இது தேவகோட்டையா? எத்தனை நேரம் நிற்பான் இங்கே? டிரைவர் இறங்கிப் போகிறார் பாருங்கள். டீயா குடிக்கப் போகிறார்?

அக்கா, வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லையே. நல்லவர். லோடு ஆட்டோ ஓட்டுகிறார். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. தாளைப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன பேருடி அவங்க பாஷையில?" என்று அவரேதான் ஆசையாகக் கேட்டார். மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னேன். டிரைவருக்கு அவர்கள் கொந்துக்தோர் என்பார்களாம். அவ்வளவுதான், முகம் சுருங்கிவிட்டது. "பன்னெண்டு வருசமா வண்டி ஓட்டுறேன், என்னையக் கண்டக்டர்ங்கிறியா?" என்றார். அது அப்படி இல்லை, அவர்கள் பாஷை என்றேன். கேட்கவில்லை. அன்றிலிருந்து அடுப்படிக்கு வந்தால் அந்தத் தாளைப் பார்த்து "ரைட் போலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். விளையாட்டுக்குத்தான்.

கிளம்பிவிட்டான். நல்லவேளை.

நடிக்கிற பெண்ணுக்குக் கதையில் கண்டாங்கிச் சேலை. அவர்கள் கூட வந்த உடுப்புக்காரம்மா போனில் பார்த்துக் கட்டி விட்டார்கள். படிக்கட்டில் நாலு படி இறங்கினால் கொசுவம் கையோடு வந்துவிடும். வெயிலில் அத்தனை பேரும் நிற்பார்கள். நான் விளக்குமாற்றோடு தூணோரம் நின்று பார்ப்பேன். எனக்குக் கை துறுதுறுக்கும். ஆறாம் தடவை அவிழ்ந்தபோது என் காலே போய்விட்டது அக்கா, நான் போகவில்லை. இடுப்பில் முடிச்சை இறக்கி, கொசுவத்தைப் பிடித்து, என் ஜாக்கெட்டில் கிடந்த ஊக்கை எடுத்துக் குத்தி விட்டேன். அந்தப் பெண் மாடி ஏறி இறங்கி ஓடிக் காட்டியது. அசையவில்லை. மறுநாளிலிருந்து விளக்குமாற்றை அத்தையிடம் கொடுத்துவிட்டார்கள். என் இடுப்பில் ஒரு பெல்ட், அதில் கத்தரிக்கோல், ஊக்கு, நூல்கண்டு. இருதயராஜ் சார் சொன்னார், "நீ இப்ப சஸ்த்ரா. செட்டுல நின்னு துணிமணி பாத்துக்கிறவங்களுக்கு அதுதான் பேரு." அன்றைக்குத் தாளில் அதையும் எழுதினேன். அவர்களோடு நான் இருபத்து நாலாவது ஆள்.

இவள் எங்கே இருந்தாள் என்கிறீர்களா? அங்கேதான். சொனிதிஸ்தா மட்டும் கொஞ்சம் முறைப்பார், இவள் அழுதால் அவருக்குத்தான் கெட்டுப்போகும். பிறகு அவரே பொரி வாங்கி வைத்துக்கொண்டார். இவள் முதலில் அம்மா சொன்னாள், அப்புறம் எலெக்த்ரிகோ சொன்னாள். அப்பா இன்னும் வரவில்லை வாயில்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் சாப்பாட்டுப் பந்தியில் நடிக்கிற பெண் மேல் குழம்பு கொட்டுகிற மாதிரிக் காட்சி. பந்தியிலிருந்து எழுந்து வீட்டை விட்டே தெருவுக்கு ஓடுகிறது. வீட்டுக்குள் ஓடியது வரைக்கும் எடுத்தார்கள், வெளிச்சம் போய்விட்டது, தெரு நாளைக்கு என்றுவிட்டார்கள். சேலையைக் கொடியில் போட்டுவிட்டுப் போனார்கள். நான் பார்க்கிறேன், தொடையிலிருந்து கரண்டைக் கால் வரைக்கும் மஞ்சள் கறை. இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் கண் தெரியவில்லையே என்று நினைத்தேன். நாளைக்கு நாலு நாட்டு ஜனம் பார்க்கப்போகிற சேலை. கட்டி விடுகிறவள் யார், நான். எனக்கல்லவா கேவலம்?

வீட்டுக்கு எடுத்துப்போனேன். எலுமிச்சம்பழம் தேய்த்து, சோப்புப் போட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு கறையாக நிமிண்டினேன். மூன்று அலசு. சோற்றுக் கஞ்சி போட்டு, விடிந்ததும் வெயிலில் விரித்து, பெட்டி போட்டு மடித்தேன். இவள் அப்பாகூட, "புதுச்சேலை மாதிரி இருக்கு" என்றார். அவர் அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் நீட்டினேன். பாராட்டுவார்கள் என்று நின்றேன் அக்கா.

உடுப்புக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தீரெக்தோரா பேசுகிறார்கள், ஃபோகிஸ்தா பேசுகிறார், மாக்கியாதோரா தலையில் கை வைக்கிறது. அத்தனை பேரின் பேரும் எனக்குத் தெரியும். ஒருவர் சொல்வதும் புரியவில்லை. யார் யார் என்ன வேலை என்று படித்தேனே தவிர, கோபம் என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன, மன்னிப்பு என்பதற்கு என்ன, ஒன்றும் படிக்கவில்லை. இருதயராஜ் சார்தான் வந்து, "நேத்து உள்ள ஓடும்போது கறை இருந்துச்சும்மா, இன்னைக்கு வெளிய வரும்போது சேலை சலவைக்குப் போட்ட மாதிரி இருந்தா பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒல்லிப் பெண் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தான். டம்ளர் எந்தக் கை, ஜன்னல் எவ்வளவு.

அந்தப் பெண் மட்டும் கத்தவில்லை. போட்டோக்களைத் தரையில் பரப்பி, சேலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. நானும் எதிரே உட்கார்ந்தேன். போட்டோவில் முன்பக்கக் கறை தெரிகிறது. ஓடும்போது கொசுவத்துக்குள் ஒன்று இருந்ததே, அது தெரியவில்லை. எனக்குத் தெரியும், நிமிண்டியது என் விரல்தானே. முழங்காலுக்குக் கீழே பல்லி மாதிரி ஒன்று, அதன் பக்கத்தில் ரெண்டு பொட்டு, கொசுவத்தில் மூன்றாவது மடிப்பில் வால் மாதிரி இழுத்தது ஒன்று. விரலால் வரைந்து காட்டினேன். அது பென்சிலால் குறித்தது. மஞ்சள்தூள், புளி, கொஞ்சம் மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு. கஞ்சி விறைப்புப் போக ஒரு முறை நனைத்துக் கசக்கி, எலெக்த்ரிகோ மூன்று பேரும் பெரிய விளக்கைத் திருப்பிக் காய வைத்தார்கள். பதினொன்றே காலுக்கு நடிக்கிற பெண் தெருவுக்கு ஓடிவிட்டது. பார்த்தவர்கள் யாரும் ஒரு வித்தியாசம் சொல்லவில்லை.

சாயங்காலம் அந்த ஒல்லிப் பெண் என்னைக் கூப்பிட்டுத் தன் நோட்டைக் காட்டியது. மேலே என் பேர், பக்கத்தில் சஸ்த்ரா என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது, இருதயராஜ் சார்தான் படித்துச் சொன்னார். அன்றைக்கு உட்கார்ந்து அந்த ரயில் பேரைப் படித்தேன். செக்ரெதாரியா தே ரொதாஹே. செக்ரெதாரியா தே ரொதாஹே. ஒரு தடவை தடுக்காமல் சொன்னபோது அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டது.

திருவாடானையா இது? மணி ஒன்பதே கால் ஆகியிருக்குமே. ஒன்பது இருபதா? ஐயோ.

சரி அக்கா, உங்களிடம் என்ன ஒளிவு. எனக்குப் பொய் சொல்ல வராது. வீட்டில் இவளுக்குத் தடுப்பூசி போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஊசி போன வாரமே போட்டாயிற்று.

எங்கள் ஊரில் முடித்துவிட்டு, தொண்டியில் கடற்கரையோரம் பதினைந்து நாள் எடுக்கிறார்கள். என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. என்னிடம் போன் கிடையாது, இவள் அப்பா நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். தினமும், "போன் வந்துச்சா?" என்று கேட்க வாய் வரை வரும், கேட்க மாட்டேன். முந்தாநாள் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தப் பாண்டிச்சேரிக்காரன் மூணு தடவை போன் பண்ணிட்டானாம்டி, பிள்ளைய வச்சிக்கிட்டு அவ வரமாட்டா, கூச்சப்படுவான்னு எம்மவன் சொல்லிட்டான்" என்றார்கள்.

அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். எனக்குக் கூச்சம் என்று அவருக்குத் தெரியும். நான் சங்கடப்படக் கூடாது என்றுதான் அவராகவே சொல்லியிருக்கிறார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டு நாளாகக் கேட்கவில்லை. இன்றைக்குக் காலையில் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பினதும் தாளை உரித்து மடித்துப் பையில் வைத்தேன். கோபமெல்லாம் இல்லை அக்கா. கோபம் இருந்தால் சாப்பாடு கட்டுவேனா?

உங்கள் போனைக் கொஞ்சம் தருவீர்களா? இருதயராஜ் சார் நம்பர் இந்தத் தாளில் ஓரத்தில் இருக்கிறது. நீங்களே போடுங்கள், எனக்குப் போட்டுப் பழக்கமில்லை. நீங்களே பேசினாலும் சரிதான். வேண்டாமா? சரி, கொடுங்கள்.

"சார். நான் நாகவல்லி. காரைக்குடி... ஆமா சார். ...இல்ல சார், நான் சொல்லல. அவர்தான் சொன்னாரு, என்னையக் கேக்கல. ...எப்ப வந்தாங்க? நேத்தா? ...சரி சார். ...கூச்சம்தான் சார், அது பாட்டுக்கு இருக்கட்டும். திருவாடானை தாண்டிட்டேன். ...தெரியும் சார், நீங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரியும். அந்த ரொதாஹே அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க, நான் வந்துகிட்டு இருக்கேன்னு. ...இல்ல, நீங்களா எதுவும் சேத்துச் சொல்ல வேண்டாம். இதை மட்டும் சொல்லுங்க. ...ஆமா, பிள்ளையோடதான்."

வைத்துவிட்டார். இந்தாருங்கள் அக்கா.

உங்களுக்கும் கேட்டிருக்கும், இந்தப் போன் சத்தம் அப்படி. மெட்ராஸிலிருந்து வேறு ஆள் வந்துவிட்டார்களாம், நேற்றே வேலையில் சேர்ந்தாயிற்றாம். வரட்டும். அவர்களும் பிழைக்கத்தானே வந்திருக்கிறார்கள். ஆனால் கடற்கரை அக்கா. காற்று. மெட்ராஸ் ஊக்கு எத்தனை நேரம் நிற்கும்? கொசுவத்துக்கு உள்பக்கம் ஒரு தையல் ஓட்ட வேண்டும், அது நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேண்டும் என்று மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை.

போய் நிற்கிறேன். சும்மா நிற்கிறவளைத் துரத்தவா போகிறார்கள்? ஒருவர் ஒருவராக வேலைப் பேர் சொல்லிக் கும்பிடு போடுகிறேன். இருபத்து மூன்று பேருக்கும் போட்டு முடிப்பதற்குள் அந்தச் சேலை ஒரு தடவையாவது அவிழும்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா என்கிறீர்களா? சொல்லலாம். உங்கள் போனில்தான் சொல்ல வேண்டும். வேண்டாம், மூடி வையுங்கள். இந்நேரம் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், ஓட்டும்போது பேசக் கூடாது. சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போட அடுப்படிக்கு வரும்போது, சுவரில் தாள் இல்லாததைப் பார்த்து அவருக்கே தெரிந்துவிடும்.

அதோ கடல் தெரிகிறது, இல்லையா? இவளைக் கொஞ்சம் பிடியுங்கள், நான் பையோடு முதலில் இறங்கி வாங்கிக்கொள்கிறேன். அழ மாட்டாள், யாரிடமும் போவாள். என்னை மாதிரி இல்லை.

என்ன அக்கா? திரும்பிப் போகிற பஸ்ஸா? எத்தனை மணிக்கு என்று நான் விசாரிக்கவில்லை.